வெள்ளிக்கிழமை அடைத்த வேலி

மச்சான்,

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக வேலந்தாவளம் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து, காருக்காக மண்டபத்தின் பின்பக்கம் நின்றிருந்தபோது, பக்கத்துத் தோட்டத்து வேலியை ஒருவர் அரிவாளால் கழித்துக்கொண்டிருந்தார். கிளுவை வேலி. வெட்டுப்பட்ட குச்சிகளிலிருந்து அந்த வாசனை வந்தது. பாதி பச்சை மாங்காய், பாதி சாம்பிராணி. அவரிடம் ஒரு குச்சி கேட்டேன். "எதுக்குங்க?" என்றார். "சும்மாதான்" என்றேன். அவர் என் கைத்தடியையும் சலவை வேட்டியையும் ஒருமுறை பார்த்தார். "பல்லு வெளக்க ஆகாதுங்க, கசக்கும்" என்று எச்சரித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

காரில் வரும்போது வழியெல்லாம் அதை முகர்ந்துகொண்டே வந்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும்?

உன்னை அடக்கம் செய்த அன்று பள்ளிவாசல் வாசலில் நின்றவர்கள் உன்னைப் பற்றி நல்லபடியாகப் பேசிக்கொண்டார்கள். வாக்கு மாறாதவர் என்றார்கள். தோட்டக்காரர்களுக்கெல்லாம் விதை கொடுத்தவர் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அந்த வேலியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதை நேரில் பார்த்தவர்களில் இப்போது மிச்சம் இருப்பது நானும் உன் மனைவி, தங்கச்சி ஆமினாவும்தான். அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

அப்போது பாலக்காடு சென்னை ராஜ்யத்தோடு இருந்தது. நான் கோயம்புத்தூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு எல்லைப் பக்கத்துச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். மழை எங்கே பெய்தது, சந்தையில் வெங்காயம் என்ன விலை, எந்த பஸ் எந்தப் பள்ளத்தில் இறங்கியது. நீ வலியங்காடியில் உன் பெரியண்ணன் மண்டியில் உட்கார்ந்திருந்தாய். புளி, மிளகாய், கருப்பட்டி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பழக்கத்தில், டவுனுக்கு வரும்போதெல்லாம் நான் அங்கே எட்டிப் பார்ப்பேன். "வா மச்சான், வந்து தும்மிட்டுப் போ" என்பாய். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் நாம் பேசிய பேச்சில் பாதி தும்மல்தான்.

அப்படி ஒருநாள் நீ சொன்னாய்: "நாள் பூரா யாரோ வெளைய வச்சதை யாருக்கோ நிறுத்துக் குடுக்கறேன்டா. நானா வெளைய வச்சதை ஒரு நாளாச்சும் தராசுல வைக்கணும்."

பேச்சுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். நீ அதைப் பெரியண்ணனிடமும் சொல்லிவிட்டாய். உன் அத்தா மௌத்தானபின் உன்னை வளர்த்தவர் அவர். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கோபப்படவில்லை. வியாபாரி அல்லவா, நிபந்தனை போட்டார். வடகரப்பதிக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில், அத்தா வாங்கிப் போட்ட மேட்டு நிலம் பனைமரங்களோடு சும்மா கிடந்தது. "அங்கே போய் ஒரு வெள்ளாமை பாரு. வந்துச்சுன்னா அங்கேயே இருந்துக்கோ, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். வரலைன்னா மறுபேச்சு இல்லாம கடைக்கு வந்துடணும். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார். நீ தலையாட்டினாய். உள்ளே கதவுக்குப் பின்னால் ஆமினாவும் தலையாட்டியதாகப் பிறகு சொன்னாள். கூட்டுக் குடும்பத்து அடுப்படியில் நான்கு ஓரகத்திகளுக்கு இடையில் நின்றுகொண்டிருந்தவள் அவள். உன் ஆசை தராசு. அவள் ஆசை தனக்கென்று ஓர் அடுப்பு. இரண்டும் அந்த ஒரே வெள்ளாமையில் இருந்தன.

பனையோலைச் சாளை போட்டுக் குடியேறினீர்கள். நான் சைக்கிளில் முதல்முறை வந்தபோது ஆமினா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "புதுநகரத்துல பொறந்தவளைக் கூட்டிட்டு வந்து பனங்காட்டைக் காட்டறாருண்ணா உங்க மச்சான்" என்றாள். "நல்ல வேளை, சமுத்திரத்தை வாங்கிப் போடலை உங்க மாமனார்" என்றேன். "வாங்கியிருந்தா உப்பாச்சும் மிச்சம்" என்றாள்.

பாதி நிலத்தில் மரவள்ளி, நம் பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கு. மறுபாதியில் சர்க்கரைவள்ளி. கிணற்றில் தண்ணீர் கொஞ்சம் இருந்தது, அந்த வருஷம் மழையும் சரியாக வந்தது. கொடி படர்ந்து மண் தெரியாமல் மூடியது. பக்கத்துத் தோட்டத்துச் சின்னச்சாமிக் கவுண்டர் வரப்பில் நின்று பார்த்து, "கடைக்காரர் கையிங்களா இது?" என்று வியந்தார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. தன் தோட்டத்தைத் தவிர வேறெதையும் அவர் நல்லபடி சொல்லி யாரும் கேட்டதில்லை.

கிழங்கு திரளத் தொடங்கியதும் காட்டுப்பன்றிகள் வந்தன. காலையில் எழுந்து பார்த்தால் கிழங்கு நட்ட மண்வரிசைகளில் ஒரு பார் முழுக்கக் கிளறிக் கிடக்கும். நீ தகரம் கட்டினாய், பந்தம் நட்டாய், உன் பழைய சட்டையை மாட்டி ஒரு வைக்கோல் ஆளை நிறுத்தினாய். சட்டை மட்டும்தான் தப்பியது.

"அதுகளுக்கு உங்க பேரு தெரிஞ்சு போச்சுங்க ராவுத்தரே" என்றார் கவுண்டர். "இவரு நம்ம மேல கை வைக்க மாட்டாரு, வாயும் வைக்க மாட்டாருன்னு யாரோ சொல்லிட்டாங்க. அதான் எந்தோட்டத்தைத் தாண்டி உங்கூட்டுக்கு ஒறம்பரையா விருந்துக்கு வருதுங்க."

அப்படித்தான் வேலி வந்தது.

தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரி வழியின் இருபக்கமும் கவுண்டருக்குப் பழைய கிளுவை வேலி இருந்தது. அதில் கைப்பருமன் கிளைகளை நடுவதற்குப் போத்துகளாக வெட்டிக்கொள்ளச் சொன்னார். கடப்பாரையால் குழி போட்டு அவற்றைச் சற்றுச் சாய்வாக நட்டோம். அவை துளிர்த்து அடர்த்தியாக இரண்டு மூன்று மழை ஆகும், அதுவரை பன்றி காத்திருக்காது. அதனால் போத்துகளுக்கு இடையில் வெள்வேலா முள்ளையும் இலந்தை முள்ளையும் அடைத்தோம். முள்ளைக் கையால் தொட முடியாது. நுனியில் கவட்டை உள்ள கோலால் தள்ளி, டயர் செருப்புப் போட்ட காலால் மிதித்து இறுக்க வேண்டும். ஆமினா பனைநாரை ஊறவைத்துத் திரித்துக் கொடுத்தாள். நானும் வந்த நாளெல்லாம் முள் இழுத்தேன். அந்த நாட்களில் நான் அனுப்பிய செய்திகளின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, எனக்குக் காய்ச்சலா என்று ஆபீஸிலிருந்து கேட்டு எழுதினார்கள்.

கிழக்கு மூலையில் ஒரு தகராறு. அங்கே ஓடை ஒதுங்கிப் போன இடத்தில் கள்ளியும் இண்டுக் கொடியுமாக ஒரு பெரும் புதர் இருந்தது. அதை வெளியே விட்டுக் குறுக்கே வேலி போட்டால் வேலை பாதியாகக் குறையும் என்றார் கவுண்டர். நீ கேட்கவில்லை. புதருக்கு அப்பால் எல்லைக் கல் இருந்தது.

"அத்தா நட்ட கல்லுங்க அது. அதுவரைக்கும் என்னோடதுதான்."

"உங்களுதுதானுங்க, ஆருங்க இல்லைன்னது? புதரை வச்சு என்ன பண்ணப் போறீங்க, பொரியலா?"

ஆமினாகூடக் கேட்டாள்: "அந்தப் புதரும் நமக்கு வேணுமாங்க?"

"வேணும்" என்றாய். அண்ணன் வந்து பார்க்கும்போது அத்தாவின் கல் வேலிக்கு வெளியே கிடப்பதை அவர் பார்க்கக் கூடாது என்பது உன் மனசில் இருந்தது. நீ அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது. வேலி புதரையும் சுற்றிக்கொண்டு போனது.

இட்டேரிப் பக்கம் போக வர ஒரு படல் கதவு வைத்தோம். கடைசியில் ஓடைப் பக்கம், முள் வண்டி வந்துபோவதற்காக விட்டிருந்த வழி மட்டும் பாக்கி. மறுநாள் சனிக்கிழமை காலை பெரியண்ணன் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமையே அடைத்தாக வேண்டும். காலையில் முள்ளைத் தூக்கியதும் கவுண்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ராகு காலமுங்க. பன்னண்டு தாண்டட்டும்."

"பன்னண்டரைக்குப் பாங்கு சொல்லிடுவாங்களே. கொழிஞ்சாம்பாறைக்கு நான் சைக்கிள் மிதிக்கணும்" என்றாய்.

"தொழுதுட்டுப் பொழுதோட வந்து அடைச்சுக்கலாமே" என்றேன் நான்.

"பொழுதோட நான் சந்தைக்கு வண்டி பூட்டோணுமுங்க. முள்ளுத் தூக்க உங்களுக்கு ஆளு ஏது? அதுவுமில்லாம இருட்டுக் கட்டுனா அதுக வந்துருமே" என்றார் கவுண்டர்.

ஆக அவருக்கு ராகு காலம் கழிய வேண்டும், உனக்கு ஜும்மா தவறக் கூடாது. நடுவில் கிடைத்தது கொஞ்ச நேரம். மூன்று பேரும் முள்கட்டுகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பனைநிழலில் உட்கார்ந்தோம். கவுண்டர் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார். பன்னிரண்டு ஆனதும் ஓடினோம். கவுண்டர் "முருகா" என்றார், நீ "பிஸ்மில்லா" என்றாய், நான் மணி பார்த்தேன். அடித்துப் பிடித்து முள்ளைத் திணித்து, மிதித்து, கட்டி முடித்தோம். நீ கைகூடக் கழுவாமல் சைக்கிளில் ஏறினாய். பள்ளிவாசலில் கழுவிக்கொள்ளலாம் என்று கத்திக்கொண்டே போனாய்.

அன்று நான் சாளையிலேயே தங்கிவிட்டேன். விடிந்ததும் ஆமினாவின் குரல் கேட்டது. அழுகையில்லை. உன் பெயரைச் சொல்லமாட்டாளே, "என்னங்க, என்னங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சர்க்கரைவள்ளிப் பார்கள் உழுதுபோட்ட மாதிரி கிடந்தன. கொடிகள் வேரோடு புரண்டிருந்தன. கடித்துத் துப்பிய கிழங்குகள் சிவப்பாக மண்ணில் கிடந்தன. குச்சிக்கிழங்கில் இரண்டு மூன்று பார்கள் சரிந்திருந்தன. ஆனால் வேலி அப்படியே நின்றது. நாம் இருவரும் ஓட்டை தேடி ஒரு சுற்று வந்தோம். சந்தையிலிருந்து திரும்பியிருந்த கவுண்டரும் வந்து சேர்ந்தார், மறுபடி சுற்றினோம். ஒரு முள்ளும் விலகவில்லை.

"பறந்துதான் வந்துருக்கோணும்" என்றார் கவுண்டர்.

"ராகு காலம் முடிஞ்சதும்தானே அடைச்சோம்?" என்று நீ அவரைக் கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஆமினா வேலியைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். குளம்படிகள் பெரிதும் சிறிதுமாக இருந்தன. "வேலிக்கிட்ட ஒரு தடமும் இல்லைங்க" என்றாள். "உள்ளே வந்த தடமும் இல்லை, வெளியே போன தடமும் இல்லை." கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு, "வராமப் போகாம எப்படிங்க? அப்ப இங்கேயேதான் இருந்துருக்குது" என்றாள்.

நான்கு பேரும் ஓடைப் புதரைப் பார்த்தோம். உள்ளிருந்து ஓர் உறுமல் வந்தது. இண்டுக் கொடிக்கு அடியில், அணில் முதுகைப்போலக் கோடு போட்ட ஒரு குட்டி, நம்மைப் பார்த்துவிட்டு உள்ளே மறைந்தது.

காட்டுப்பன்றி பகலில் புதரில்தான் படுக்கும். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கவுண்டருக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவர் பஞ்சாங்கத்தையும் நீ பாங்கையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நானோ இருவருக்கும் மணி சொல்லிக்கொண்டிருந்தேன். உச்சிப் பொழுதில், குட்டிகளோடு தூங்கிய ஒரு தாய்ப்பன்றியை உள்ளே வைத்து, தாலுக்காவிலேயே பலமான வேலியை இழுத்து மூடியிருந்தோம்.

படலுக்கு வெளியே குடை தெரிந்தது. பெரியண்ணன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, புழுதிபடாமல் தூக்கிப் பிடித்த செருப்புக் கால். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் படலைத் திறந்தாய். எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாய். அவர் கேட்டுக்கொண்டே வேலியை ஒருமுறை கையால் அசைத்துப் பார்த்தார்.

"வேலி பிரமாதம்டா தம்பி. ஒண்ணுகூட வெளியே போகலை."

கவுண்டர் சிரிப்பை அடக்க இருமினார். உனக்குச் சிரிப்பு வரவில்லை.

கவுண்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு வழி சொன்னார். ஊரில் வலை இருக்கிறது, ஈட்டி இருக்கிறது, நாய்கள் இருக்கின்றன. "சித்த நேரத்துல முடிஞ்சு போயிருமுங்க. ஓடறதுக்கு வழியில்லை, நீங்கதான் நல்லா அடைச்சு வச்சிருக்கீங்களே. உங்க வெள்ளாமையும் மிஞ்சும். கறி உங்களுக்கு வேண்டாம், எங்களுக்கு ஆகும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் யாரானாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பெரியண்ணனும் தலையாட்டினார். "அவர் சொல்றதுல கணக்கு இருக்குது. குச்சிக்கிழங்கு இன்னும் நிக்குது. வேலியைப் பிரிச்சு விட்டீன்னா, உள்ளே இருக்கறது வெளியே போகும்னு என்ன நிச்சயம்? வெளியே இருக்கறதும் உள்ளே வரும். மிச்சமும் போச்சுன்னா நாம பேசினது பேசினதுதான். கடைக்கு வந்துடணும்."

ஆமினா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உன்னையே பார்த்தாள். வேண்டாம் என்கிறாளா, அடிக்கச் சொல்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அவள் சாளையிலிருந்து அப்போதுதான் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

நீ கிளறிய பாரின் மேல் குந்தி உட்கார்ந்தாய். ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் துடைத்தாய். பிறகு, யாரையும் பார்க்காமல், "வேலி தாண்டி வந்து திருடுனா அடிக்கலாம் அண்ணே" என்றாய். "இதுக தூங்கிட்டு இருந்துச்சுக. நாந்தான் பூட்டினேன். பூட்டியும் வச்சுட்டு அடிக்கவும் சொன்னா..." அதை முடிக்கவில்லை. எழுந்து கவைக்கோலை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாய்.

அடைத்ததைவிடப் பிரிப்பது கஷ்டமாக இருந்தது. நேற்று மிதித்து இறுக்கிய முள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வர மறுத்தது. நானும் ஒரு கோலோடு வந்தேன். கவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார். கறி போன வருத்தம் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெரியண்ணன் பனைநிழலில் குடைக்குள் நின்றார். மத்தியான பஸ் தூரத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. "பஸ் போகுதுங்கண்ணா" என்றேன். "பஸ் தினமும் போகும்" என்றார்.

வெயில் தாழ்ந்தது. எதிர்க்காற்றில் ஒரு பாறை மறைவில் எல்லோரும் உட்கார்ந்தோம். தாய்ப்பன்றி முதலில் மூக்கை நீட்டியது. பின்னால் வரிசையாகக் குட்டிகள். திறந்த வழிவரை வந்தது, நம் கையும் காலும் பட்ட மண்ணை முகர்ந்தது, அப்படியே திரும்பிப் புதருக்குள் போய்விட்டது. உன் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

அப்போது ஆமினா எழுந்தாள். காலையிலிருந்து அவள் கூடையில் பொறுக்கி வைத்திருந்த, கடிபட்ட கிழங்குகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, படல் வழியாக வெளியே போய், சுற்றிக்கொண்டு ஓடைப் பக்கம் வந்தாள். வழிக்கு வெளியே கொஞ்சம், அதைத் தாண்டிக் கொஞ்சம், ஓடைக்குள் மீதி எல்லாம். கொட்டிவிட்டு வந்த வழியே திரும்பினாள்.

"சேம்பிளை வாசல்ல வச்சுட்டு, சரக்கைத் தள்ளி வச்சுட்டு வர்றா பாரு" என்று பெரியண்ணன் கிசுகிசுத்தார். "கடையில உக்கார வேண்டியவ அவடா. ரெண்டு பேரையும் மாத்திப் போட்டுட்டேன்."

மறுபடி மூக்கு. இந்தத் தடவை குட்டிகள்தான் முதலில் ஓடின. கிழங்கின் வாசனை நம் வாசனையை வென்றது. தாய் தயங்கியது, குட்டிகளைப் பார்த்தது, போயிற்று.

நாம் மூவரும் முள்ளைத் தூக்க ஓடினோம். "இருங்கடா" என்றார் பெரியண்ணன்.

புதர் அருகே நடந்து போனார். முள் கிழித்து வேட்டி நூல் பிரிந்ததை அவர் கவனிக்கவில்லை. குடைக் காம்பால் புதரை இரண்டு தட்டுத் தட்டினார். கனைத்துக்கொண்டு, அவருடைய கடைக் குரலில், "உள்ளே யாராச்சும் இருக்கீங்களா? சாத்தப் போறோம்" என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். நம் இருவருக்கும் அது பழகிய குரல்தான். எப்போதோ ஒரு சுமைகூலிக்காரர் புளி மூட்டைகளுக்குப் பின்னால் தூங்கிப்போய், கிடங்கில் பூட்டப்பட்டு, காலையில் அரை உயிராகக் கிடைத்தாராம். அதிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும், கடைசிப் பலகையைப் போடுவதற்குமுன், உன் அண்ணன் கிடங்கு வாசலில் நின்று அப்படிக் கேட்பார். பதில் வராதென்று தெரிந்தாலும் கேட்பார். கேட்டுவிட்டுச் சற்று நிற்பார். நீ அதை வருஷக்கணக்காகக் கேட்டவன்.

இங்கேயும் அவர் சற்று நின்றார். கள்ளிக்கு அடியில் ஏதோ அசைந்தது. கோடு போட்ட ஒற்றைக் குட்டி, தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்தது. அவரைப் பார்த்தது, திகைத்தது, அவர் வேட்டி ஓரத்தை உரசிக்கொண்டு வழியைத் தாண்டி ஓடியது.

"இப்ப சாத்து" என்றார்.

அவருமே ஒரு கவைக்கோலை எடுத்துக்கொண்டார். அந்த மங்கிய வெளிச்சத்தில் நான்கு ஆண்களும் முள் அடைத்தோம். யாரும் மணி பார்க்கவில்லை.

மறுநாள் காலை கிளம்பும்போது பெரியண்ணன் குச்சிக்கிழங்குப் பார்களைச் சுற்றி வந்தார். சர்க்கரைவள்ளிப் பக்கம் பார்க்கவே இல்லை. உன்னிடம் சொன்னார்: "முழு வெள்ளாமைன்னா என்னன்னு பேசினோம். ஒண்ணும் இல்லைன்னா என்னன்னும் பேசினோம். பாதிக்கு நாம பேசலையே?"

"பேசலைண்ணே."

"பேசாததுக்கு நான் எப்படித் தீர்ப்புச் சொல்றது? இன்னொரு வெள்ளாமை பாரு." ஆமினாவிடம் திரும்பி, "அடுப்பு நல்லா எரியுதா?" என்றார். "எரியுதுங்க மச்சான்" என்றாள் அவள். அவர் குடையை விரித்துக்கொண்டு இட்டேரியில் இறங்கினார்.

அடுத்த வாரம் நீ கிழக்கு மூலை வேலியைப் பிரித்து, புதரை வெளியே விட்டுக் குறுக்கே நட்டாய். அத்தாவின் கல்லும் வெளியே போயிற்று. "கல்லைப் பன்னிக்கே பட்டா போட்டுக் குடுத்துட்டீங்களாக்கும்?" என்றார் கவுண்டர். "ஆமாங்க, அதுக பேருக்கே எழுதியாச்சு. தீர்வையை மட்டும் ஒழுங்காக் கட்டச் சொல்லுங்க" என்றாய். அந்தப் பதிலைக் கவுண்டர் சாகும்வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளுவை துளிர்த்தது. பன்றிகள் பிறகும் வந்தன, சில வருஷம் அவை ஜெயித்தன, சில வருஷம் நீ. ராஜ்யம் மாறியது, ஆபீஸ் காகிதங்களின் மொழி மாறியது, நீ அங்கேயே இருந்தாய். நான் மதுரை, சென்னை என்று மாற்றலாகிப் போனேன். அந்த இரண்டு நாட்களை நான் செய்தியாக எழுதவில்லை. எழுதியிருந்தால் சிரிப்புச் செய்தியாகப் போட்டிருப்பார்கள்.

ஆனால் பெரியண்ணன் புதரிடம் கேட்ட அந்தக் கேள்வி என்னோடு வந்தது. ஒரு மில் மூடிய செய்தியை ஒருமுறை எழுதி முடித்தேன். தொழிலாளர்கள் அனைவரும் வெளியேறினர், வாயிற்கதவு பூட்டப்பட்டது. உறையில் போட்டு ஒட்டப் போகும்போது உன் அண்ணன் குரல் காதில் விழுந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தேன். கதவுக்கு உள்ளே, காவல்காரர் தன் மனைவி பிள்ளைகளோடு குடியிருந்தார். குழாயை நிறுத்திவிட்டிருந்தார்கள். அவர்களை யாரும் தொழிலாளர் கணக்கில் சேர்க்கவில்லை. செய்தியை மாற்றி எழுதினேன். அதன்பிறகு எழுதிய ஒவ்வொன்றையும் ஒட்டுவதற்குமுன் ஒருமுறை நின்று கேட்டிருக்கிறேன். பல தடவை பதில் வராது. சில தடவை ஏதாவது அசையும்.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது இதைச் சொன்னேன். நீ கட்டிலில் சாய்ந்து, ஆமினா உரித்துக் கொடுத்த ஆரஞ்சுச் சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். நீ முகத்தைச் சுளித்தாய்.

"அது எங்கண்ணன் கேட்டதுடா. அவருக்குப் பழக்கம், கேட்டாரு. எல்லாரும் அதையே சொல்லுங்க." சுளையை என் பக்கம் நீட்டினாய். "மத்தியானமே தொறந்தவன் யாரு? கடை போனாப் போகுதுன்னு முள்ளைப் பிரிச்சவன் யாரு? அதை எங்கேயாச்சும் எழுதுனியா?"

எழுதவில்லை, மச்சான். இப்போதுதான் எழுதுகிறேன். கேட்பது என் தொழில் ஆகிவிட்டது, எனக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. நீ திறந்தபோது உன்னிடம் இருந்தது அந்த ஒரு வெள்ளாமைதான். என் முன்னால் ஏதாவது ஒரு கதவு மூடியிருக்கும்போதெல்லாம், கையில் முள் கிழித்த கோடுகளோடு குனிந்து பிரித்துக்கொண்டிருக்கிற உன் முதுகுதான் கண்ணுக்கு வருகிறது.